தாடி முளைத்த வெங்காயம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சாக்கு மூட்டை மேல் கரித்துண்டால் எழுதியதுதான். அதனால் தாளில் எழுதினாலும் மூட்டை மேல் எழுதுகிற மாதிரி பெரிது பெரிதாகச் சாய்ந்துகொண்டு வருகிறது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. ரொம்பச் சந்தேகம் வந்த இடங்களில் அந்த வார்த்தையையே விட்டுவிட்டு வேறு வார்த்தை போட்டிருக்கிறேன். அக்காவின் மகள்தான் இதைக் கேட்டாள். வாயால் சொல்லுங்கள் மாமா, நான் எழுதிக்கொள்கிறேன் என்றாள். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. ஒருத்தி எதிரிலும் வராது. எழுதியே தருகிறேன், பிழையை நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

தாம்பரம் மார்க்கெட்டில் எங்கள் குடும்பத்துக்கு வெங்காயக் கடை. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்தியது. நான் ஐந்தாவது படித்த வருடம் அவர்களுக்குள் சண்டை வந்து பேச்சு நின்றுபோனது. என்ன சண்டை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மார்க்கெட் சங்கத்து ஆட்கள் கூடி, கடையை நடுவில் பிரித்தார்கள். பெரியவருக்குப் பெரிய வெங்காயம், சின்னவருக்குச் சின்ன வெங்காயம் என்றார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. தராசில்தான் சிக்கல் வந்தது. இருந்தது ஒரே தராசு, ஒரே செட் எடைக்கல். தராசு பெரியப்பாவுக்கு, கற்கள் அப்பாவுக்கு என்று சங்கத்தார் தீர்ப்புச் சொன்னார்கள். இப்படிப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு நாளில் தானாக ஒன்றுசேர்ந்துவிடுவார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் என்னை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு வேலை அதுதான். இந்தப் பக்கம் ஆள் வந்தால் அந்தப் பக்கம் போய்த் தராசு வாங்கி வர வேண்டும். அந்தப் பக்கம் ஆள் வந்தால் கற்களைச் சுமந்துகொண்டு போக வேண்டும். நடுவில் இருந்தது வெறும் ஒரு கோடு. சுண்ணாம்பால் போட்டது. இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வழியாகத்தான் பேசுவார்கள்.

"டேய், உங்க பெரியப்பனாண்ட போயி தராசு வாங்கினு வா. ஆளு நின்னுகினு கீறாரு."

"உங்கப்பனாண்ட சொல்லு, எடுத்துகினு போறது சரி, போன வாட்டி மாதிரி தட்டுல மண்ணோட அனுப்ப வேணாம்னு."

"மண்ணு வெங்காயத்துல வந்துச்சுன்னு சொல்லுடா."

"வெங்காயம் அவருதுதானேன்னு சொல்லு."

நான் எதையும் சொல்ல மாட்டேன். தராசை மட்டும் எடுத்து வருவேன். அந்தத் தட்டில் சில நேரம் சூடாக ஒரு மசால் வடை இருக்கும். யாருக்கு என்று பெரியப்பா சொன்னதில்லை. அப்பா அதைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, பாதியை வாயில் போட்டுக்கொள்வார். திரும்பக் கற்கள் போகும்போது அவற்றின் நடுவே, மடித்த வெற்றிலை ஒன்று கிடக்கும். பெரியப்பா அதை எடுத்து வாயில் அதக்கிக்கொண்டு, உங்கப்பன் கல்லெல்லாம் தேஞ்சு போச்சுடா என்று திட்டுவார்.

கடை பிரிந்தாலும் வீடு பிரியவில்லை. ஒரே காம்பவுண்டில் இரண்டு போர்ஷன். பின்பக்கம் தண்ணீர்க் குழாயும் துணி துவைக்கிற கல்லும் பொது. பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மேற்குத் தாம்பரத்தில் பெண்கள் பள்ளிக்கூடம். வகுப்பில் அவளுக்கு "வெங்காயம்" என்று பெயர். எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும், எங்கள் வீட்டுத் துணியிலிருந்து அந்த வாசனை போகாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண் தினமும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வாளாம். அக்கா இதையெல்லாம் வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டாள், என்னிடம் மட்டும் சொல்வாள். நான் வெளியே சொல்லமாட்டேன் என்பதால்.

பிராக்டிகல் பரீட்சை வந்தது. வெங்காய வேரின் நுனியை வெட்டி, அதில் செல் எப்படிப் பிரிகிறது என்று மைக்ராஸ்கோப்பில் காட்ட வேண்டும். அதற்கு வேர் விட்ட பெரிய வெங்காயம் வேண்டும். யார் கொண்டு வருவீர்கள் என்று டீச்சர் கேட்டாராம். வகுப்பு மொத்தமும் அக்கா பக்கம் திரும்பிச் சிரித்திருக்கிறது. "சிரிச்சது போதும். இவ கொண்டு வந்தாத்தான் உங்களுக்கெல்லாம் மார்க்கு. வெளியிலேருந்து எக்ஸாமினர் வராங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்று டீச்சர் சொன்னாராம்.

அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்த வேகத்தை நான் மறக்கவில்லை. பையைக்கூடக் கழற்றவில்லை. "டேய், என்னைக் கேட்டாங்கடா. என்னை!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வெங்காயக் கடைக்காரர் பெண்ணுக்கு வெங்காயமா கஷ்டம் என்று நினைக்கலாம். கஷ்டம்தான். பெரிய வெங்காயம் பெரியப்பாவிடம் அல்லவா இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாமல் நான் போய்க் கேட்டேன். அக்கா ஸ்கூல் டீச்சருக்குப் பெரிய வெங்காயம் வேண்டுமாம் என்றேன். அக்கா அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"டீச்சரே கேட்டாங்களாடா?" என்றார் பெரியப்பா. வாயெல்லாம் பல். சாக்கை விரித்து மூட்டையைக் கொட்டி, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, உருட்டிப் பார்த்து, ஒரு கூடை நிறையப் பொறுக்கிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது போலப் பார்த்தார்.

அக்கா வீட்டில் இருந்த டம்ளர், பாட்டில், கைப்பிடி போன கப் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றின் வாய் மேலும் ஒரு வெங்காயத்தை உட்கார வைத்தாள். அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். பின்பக்கம் ஒரு பலகை போட்டு வரிசையாக அடுக்கினோம். காபி குடிக்க டம்ளர் இல்லாமல் அம்மா எல்லாருக்கும் சொம்பில் கொடுத்தாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் வெங்காயத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அதற்கடுத்த நாள் புள்ளிகள் நீண்டு, சேமியா மாதிரி தண்ணீருக்குள் இறங்கின. நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன். வளர்வதைக் கண்ணால் பிடித்துவிட வேண்டும் என்று ஆசை. கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பேன். பார்க்கும் வரைக்கும் அது சும்மாவே இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தால் நீண்டிருக்கும். நான் பார்க்காத நேரமாகப் பார்த்து வளர்கிறது என்று அக்காவிடம் புகார் சொன்னேன். அவள் ஒரு வேரின் மேல் பேனாவால் வரிசையாகப் புள்ளி வைத்துக் காட்டினாள். மறுநாள் மேலே இருந்த புள்ளிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. நுனிப் பக்கத்துப் புள்ளிகள் மட்டும் விலகிப் போயிருந்தன. "எல்லா வேலையும் நுனியிலதான்டா நடக்குது" என்றாள்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம். நானும் அக்காவும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்தோம். பின்பக்கம் போனால் பலகை காலி. டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் புதுக் கூடை. அதில் நியூஸ் பேப்பர் விரித்து, வெங்காயங்கள் கோபுரம் மாதிரி அடுக்கி இருந்தன. மேல்தோல் உரித்து, துணியால் துடைத்து, ஒவ்வொன்றும் பித்தளைச் செம்பு மாதிரி மின்னியது. அடியில் ஒரு வேர் இல்லை. வழித்து எடுத்த மாதிரி இருந்தது.

பெரியப்பா கையில் வெங்காயக் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து கடைக்கே போகவில்லையாம். தடுத்துச் சொல்ல அம்மாவும் அன்றைக்கு வீட்டில் இல்லை.

"பாத்தியாம்மா? எல்லாத்துக்கும் தாடி மொளச்சு பேஜாரா கெடந்துச்சு. எவன் தண்ணில வெச்சான்னு தெரில. டீச்சரம்மாவுக்குப் போற சரக்கு, இப்டியா அனுப்புறது? மொத்தமும் ஷேவிங் பண்ணிட்டேன்."

வேர் விட்ட வெங்காயம் என்றால் எங்கள் தொழிலில் அவமானம். அழுகப் போகிறது என்று அர்த்தம். அதைக் கடை முன்னால் யாரும் வைக்க மாட்டார்கள். வெங்காயம் விற்கிற எவரும் அன்றைக்கு அதைத்தான் செய்திருப்பார்கள்.

அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "பெரியப்பா, அந்த வேருதான் வேணும்" என்றாள்.

"வேரா?"

"வேரு மட்டும்தான் வேணும். வெங்காயம் வேணாம்."

பெரியப்பா கூடையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெட்டிய வேர்கள் எங்கே என்று நான் தேடினேன். சாக்கடை ஓரத்தில் சுருண்டு, வெயிலில் காய்ந்து கிடந்தன. வாடினது ஆகாது என்றாள் அக்கா. புதிதாக வேர் விட இரண்டு மூன்று நாள் வேண்டும். பரீட்சை காலையில். "நாளைக்கு அத்தனை பேரும் என்னாலதான் முட்டை வாங்கப் போறாங்க. அப்புறம் சாகுற வரைக்கும் என் பேரு வெங்காயம்தான்" என்று சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

கடைகளுக்குப் பின்னால் ஒரு கிடங்கு இருந்தது. பிரிவினை நடந்தபோது கடைசி லோடில் மிஞ்சிய பெரிய வெங்காய மூட்டைகள் அதில் கிடந்தன. அவை யாருக்கு என்று முடிவாகாததால் கதவில் இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒன்று அப்பாவுடையது, ஒன்று பெரியப்பாவுடையது. ஒருத்தர் தனியாகத் திறக்க முடியாது. சேர்ந்து திறக்க இருவருக்கும் மனசு வரவில்லை. அதற்கு முந்தின வாரம், மாசியில் வழக்கமாகப் பெய்யாத மழை பெய்திருந்தது. அந்தக் கிடங்கின் கூரை ஒழுகும். இரண்டு நாள் முன்னால் நான் அந்தப் பக்கம் போனபோது, கதவுக்கு அடியில் பச்சையாக ஒரு வெங்காயத் தாள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே முளை விட்டிருந்தால் கீழே வேரும் விட்டிருக்கும் அல்லவா?

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, கிடங்குக் கதவடியில் நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தாளைக் காட்டினேன். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

அப்பா கடையில் இருந்தார். அக்கா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். அப்பா கல்லாவிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இருவரும் கிடங்குக் கதவு முன்னால் தோளும் தோளும் இடிக்கிற மாதிரி நின்றார்கள்.

"உங்கப்பன மொதல்ல தெறக்க சொல்லு."

"ஏன், பெரியவரு தெறக்கட்டுமே. மூத்தவருதானே."

"மூத்தவன்னு இப்பதான் ஞாபகம் வருதான்னு கேளு."

அதற்கு மேல் அக்காவால் தாங்க முடியவில்லை. மார்க்கெட்டில் அவள் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. "யாராவது தெறங்களேன்! அவன்கிட்ட என்ன சொல்றது, அவன் என்ன கதவா?" என்று கத்தினாள். பக்கத்துத் தக்காளிக் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். இரண்டு சாவிகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

உள்ளேயிருந்து வந்த வாடைக்கு நாங்கள் நாலு பேரும் பின்னால் போனோம். மேல் மூட்டைகள் அழுகி ஒழுகிக்கொண்டிருந்தன. பெரியப்பா டார்ச் அடித்தார். அடி மூட்டைகளின் மேலெல்லாம் பச்சைத் தாள். சாக்கின் ஓட்டைகளில் நுழைந்து கிளம்பியிருந்தது. அப்பா ஒரு மூட்டையை லேசாகச் சாய்த்தார். அடியில் வெள்ளை வெளேர் என்று வேர்கள். சாக்கைத் துளைத்துக்கொண்டு ஈரத் தரையில் பரவியிருந்தன. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைப் பார்த்து இருவரும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அப்பா, "முருகா!" என்று கடவுளைப் பார்த்த மாதிரி சொன்னார்.

மூட்டையை இழுத்தால் வேர் அறுந்துபோகும். நுனி போனால் எல்லாம் போச்சு என்று அக்கா சொன்னாள். பெரியப்பா முட்டி போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் அத்தனை வேரையும் ஷேவிங் பண்ணின அதே கத்தியால் சாக்கின் நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்தார். வேர் மேல் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்பா எதிர்ப்பக்கம் மூட்டையைத் தாங்கினார்.

"இன்னும் கொஞ்சம் தூக்கு."

நான் வாயைத் திறந்தேன், அப்பாவிடம் சொல்வதற்கு. அப்பா ஏற்கெனவே தூக்கியிருந்தார்.

"போதுமாண்ணா?"

இதைப் பெரியப்பாவிடம் சொல்லத் திரும்பினேன். "போதும், அப்டியே புடி" என்றார் பெரியப்பா. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, எனக்கு வேலையில்லாமல் போனது. வெங்காயங்களை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் வைக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

காலையில் அந்தத் தொட்டியை இருவரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரயில்வே மேம்பாலத்தின் படிகளில், எலெக்ட்ரிக் டிரெயின் கூட்டம் எதிரே வந்து மோதியது. "தண்ணி, தண்ணி! ஒதுங்கு சார், வேரு கீது, வேரு!" என்று பெரியப்பா கத்திக்கொண்டே வந்தார். உள்ளே மீன் இருக்கிறதா என்று ஒருத்தர் எட்டிப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்துவிட்டு அவர் போட்ட முகத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

பள்ளிக்கூட வாசலில் ஆண்களை விடவில்லை. நான் ஆளாகக் கணக்கில்லாததால் அக்காவோடு தொட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். வெளியிலிருந்து வருகிறவர் இன்னும் வரவில்லை. சரியாக வருகிறதா என்று ஒன்று செய்து பார்த்துவிடலாம் என்றார் டீச்சர். காலை நேரத்தில்தான் அது நன்றாகப் பிரியுமாம். வேரின் நுனியில் அரிசிக் குருணை அளவு வெட்டினார். ஆசிட்டில் போட்டுச் சூடு காட்டினார். சிவப்பு மை மாதிரி ஒன்றை ஊற்றினார். கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு சின்னக் கண்ணாடியால் மூடி, கட்டை விரலால் நசுக்கினார். மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் மரத்துப்போனது.

"ஆஹா" என்றார் டீச்சர். பிறகு அக்காவைப் பார்த்து, "எங்கேம்மா பிடிச்சே இந்த வெங்காயத்தை? இவ்வளவு நல்லா நான் பார்த்ததே இல்ல" என்றார்.

அக்கா பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, "மேடம், இவனும் ஒருதடவை" என்றாள்.

நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. அப்புறம் சட்டென்று தெரிந்தது. செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பாக ஒரு உருண்டை. சிலதில் உருண்டை இல்லை, நூல்கண்டு சிக்கினது போலக் கிடந்தது. ஒரு கட்டத்தில் அந்த நூல்களெல்லாம் நடுவில் வரிசையாக வந்து நின்றிருந்தன, பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி. பக்கத்துக் கட்டத்தில் இரண்டு கூட்டமாகி, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போய்க்கொண்டிருந்தன. யாரோ இரண்டு பக்கமும் இழுக்கிற மாதிரி நூல்களின் வால்கள் பின்னால் தொங்கின. இன்னொன்றில் மேலே ஒரு உருண்டை, கீழே ஒரு உருண்டை, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. நான் குப்புறப் படுத்துக்கொண்டு பிடிக்க முடியாதது இதுதான். என்னை ஏமாற்றிவிட்டு இத்தனை நாள் உள்ளே இதைத்தான் செய்துகொண்டிருந்தது!

எனக்கு எப்படியோ வாய் வந்தது. "ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்குதா மிஸ்?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்தார். "அங்கதான் விஷயமே. வெங்காயத்தோட செல்லுல இந்த மாதிரி நூல் பதினாறு இருக்கும். அது எப்படி வளரணும், என்னவா ஆகணும்னு எல்லாம் அதுலதான் எழுதியிருக்கு. டி.என்.ஏ.ன்னு பேரு. பாதிப் பாதியா பிரிச்சா ரெண்டும் உருப்படாது. அதனால செல்லு முதல்ல நல்லா பெருசாகும். அப்புறம் உள்ள இருக்கிற டி.என்.ஏ. மொத்தத்தையும் ஒரு காப்பி எடுக்கும். ஒண்ணு விடாம. அதுக்கப்புறம்தான் பிரியும். இதோ, உருண்டையா சும்மா இருக்கிற மாதிரி தெரியுது பாரு, சும்மா இல்ல. காப்பி எடுக்கிற பெரிய வேலையெல்லாம் அப்பதான் நடக்கும்."

"நடுவுல கோடு?"

"அது சுவரு. பிரிஞ்ச பிறகு நடுவுல சுவர் வந்துடும். ஆனா முழுசா அடைச்சுடாது தம்பி, குட்டிக் குட்டி ஓட்டை விட்டு வைக்கும். இங்கேருந்து அங்க ஏதாவது போகணும் வரணும்னா வேணுமில்ல? இந்த மைக்ராஸ்கோப்ல தெரியாது."

அக்கா பரீட்சையை நன்றாக எழுதினாள். வகுப்பு மொத்தமும் எழுதியது. வெளியிலிருந்து வந்தவர் யார் கொண்டு வந்த வெங்காயம் என்று கேட்டாராம். மூக்கைப் பொத்துகிற அந்தப் பெண்தான் எழுந்து, "எங்க வெங்காயம் சார்" என்று அக்காவைக் காட்டினாளாம். கடைசி வரைக்கும் அவள் பெயர் அதுதான். கூப்பிடுகிற விதம் மட்டும் மாறிவிட்டது.

ஆனால் அதற்கெல்லாம் நான் காத்திருக்கவில்லை. மேம்பாலத்தின் மேல் ஒரே ஓட்டம். மார்க்கெட்டுக்கு வந்தபோது இருவரும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றேன். அவ்வளவு பேச்சு என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை. நூல் வரிசையாக நிற்பதை வெங்காயத்தை அடுக்கிக் காட்டினேன். இழுத்துக்கொண்டு போவதை நடந்து காட்டினேன்.

"அப்ப ஆளுக்கு எட்டு எட்டுடா?" என்றார் பெரியப்பா.

"எட்டு எட்டா இல்ல பெரியப்பா. பதினாறு பதினாறு! மொதல்ல எல்லாத்தையும் இன்னொண்ணு செஞ்சுக்கும். அப்புறம்தான் பிரியும். உனக்கு தராசு எனக்கு கல்லுன்னு பிரிக்காது. ரெண்டு தராசு, ரெண்டு செட்டு கல்லு. அதான் அதுங்களுக்கு சண்டையே வராது!"

யாரும் சிரிக்கவில்லை. தக்காளிக் கடைக்காரர் மட்டும், "நம்ம சங்கத்துல சொல்லு இத" என்றார்.

"பிரிஞ்சப்புறம்?" என்றார் பெரியப்பா.

"நடுவுல சுவரு வந்துடும்."

"அவ்ளோதானா?"

"சுவத்துல ஓட்டை இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாதாம்" என்று சொல்லிவிட்டு, பசிக்கிறது என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியப்பா கடையில் புதுக் கற்கள் வந்தன. அப்பா கடையில் புதுத் தராசு தொங்கியது. இரண்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை மார்க்கெட்டில் நடத்திக் காட்டிவிட்டேன் என்று நடுவில் நின்று குதித்தேன். அன்றைக்கப்புறம் அவர்களுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லை. சண்டை வர ஒன்றும் மிச்சமில்லை. தட்டில் வடை வருவதும் கற்களுக்கு நடுவே வெற்றிலை போவதும் நின்றுபோனது. ஒரு கடை இரண்டு முழுக் கடை ஆனதால் இந்தப் பக்கத்துக்குத் தனியாக ஒரு ஆள் தேவைப்பட்டது. அக்கா காலேஜுக்குப் போனாள். நான் ஐந்தாவது முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தேன். புதுத் தராசைப் பிடிக்கப் பிடித்திருந்ததால் எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

சித்திரையில் சுண்ணாம்புக் கோட்டின் மேல் தகரத் தடுப்பு வந்தது. பெரியப்பாதான் ஆளைக் கூட்டி வந்து தகரத்தை அடிக்க வைத்தார். அடித்தவன் அளவைத் தப்பாக எடுத்துவிட்டான். அடியில் ஒரு சாண் குறைந்துபோனது. அந்த இடைவெளி வழியாகத் தினமும் காலையில் பெரிய வெங்காயம் நாலைந்து எங்கள் பக்கம் உருண்டு வரும். நான் சின்ன வெங்காயத்தை ஒரு கை அள்ளி அந்தப் பக்கம் தள்ளுவேன். மத்தியானம் சில நாள் ஒரு கை மட்டும் உள்ளே வரும், பேப்பரில் சுற்றிய வடையோடு. வெற்றிலை கேட்டு அந்தக் கை அங்கேயே விரித்தபடி காத்திருக்கும். அப்பா வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். தகரக்காரன் மட்டும் ஒழுங்காக அளந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று நான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். போன மாதம் மார்க்கெட்டைப் புதிதாகக் கட்டுவதற்காகக் கடைகளைக் காலி பண்ணச் சொன்னார்கள். தகரத்தைப் பிடுங்குவதற்காக அடியில் கை விட்டேன். வருடக்கணக்காகக் கை விட்ட இடம். வெட்டின தகரத்தின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், எங்கள் மார்க்கெட்டில் அதில் கையைக் கிழித்துக்கொள்ளாதவர்கள் கிடையாது. எனக்கு மட்டும் ஒருநாளும் கிழிந்ததில்லை. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை.

திருப்பிப் பார்த்தேன். அந்தத் தடுப்பின் அடி விளிம்பு முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, உள்பக்கமாக மடித்துச் சுத்தியலால் தட்டி வழவழப்பாக்கப்பட்டிருந்தது.

எழுதி முடித்தது: ஆவணி மாதம் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கிழக்குத் தாம்பரம்.